புதன்கிழமைச் சூரை

வீட்டை விற்றோம். நாய் அவனோடு போனது.
படகை மட்டும் வெட்ட முடியவில்லை.
பதினாறடி அலுமினியம்.
என் பங்கை வாங்க அவனிடம் காசில்லை,
அவன் பங்கை வாங்க எனக்கு மனசில்லை.
ஆகவே மார்ச் மாதப் புதன்கிழமைகளில்
ப்ரென்டனும் நானும்
மோர்ட்டன் விரிகுடாவில்
சட்டப்படி பிரிந்தவர்களாகச் சூரை தேடுகிறோம்.

மேற்கே கிளாஸ் ஹவுஸ் மலைகள்
கழுவாத பாத்திரங்களின் நிறத்தில்.
தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை.
பிறகு ஓர் ஆலா வளைகிறது.
இன்னொன்று.
பிறகு வானம் மொத்தமும் ஒரே இடத்தில் கொட்டுகிறது.
அடியில் கடல் கொதிக்கிறது.
இல்லை, கொதிப்பு சோம்பேறிச் சொல்.
உள்ளிருந்து யாரோ சரளைக்கல்லை
மேல்நோக்கி வாரி வாரி எறிகிறார்கள்.
சூரை சூறையாடும் சத்தம் அது.

"அதோ!"
விசையை முழுக்கத் தள்ளுகிறான்.
இருபத்திரண்டு வருடம்
எதையும் அவன் அப்படித்தான் நெருங்கினான்.
போய்ச் சேர்ந்தால்
ஒரு நுரை வட்டம், நாலைந்து செதில்,
அறுத்த தர்பூசணியின் வாசனை.
மீன்கள் இருநூறு மீட்டர் தள்ளி
மறுபடி கல்லெறிகின்றன.
மறுபடி விசை. மறுபடி தர்பூசணி.

வெள்ளித்தகடு எறிந்தோம். மதிக்கவில்லை.
இளஞ்சிவப்பு ரப்பர் மீன் எறிந்தோம்.
கடைக்காரன் சத்தியம் செய்து விற்ற
முப்பது டாலர் ஜப்பான் பொம்மையை மட்டும்
ஒன்று படகுவரை பின்தொடர்ந்தது,
விலைச்சீட்டைப் படித்தவள் போலத்
திரும்பிப் போனது.

"குருட்டு மீன்," என்றான்.
குருடில்லை.
உன் கைக்கடிகாரம் அத்தனை பெரிய கண்.
நரம்பின் தடிப்பு தெரியும் அதற்கு,
முடிச்சுக்கு நிழல் இருப்பதும் தெரியும்.
இதைச் சொல்லவில்லை.
குடித்து முடித்த காப்பிக் கோப்பையைக்
கடலில் முக்கி எடுத்தேன்.
உள்ளே ஏழெட்டுக் குஞ்சுகள், அரை நக நீளம்.
உடம்பென்று ஒன்றுமில்லை,
இரண்டு கண், நடுவில் ஒரு வெள்ளிக் கோடு.

முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோல்.
வெள்ளை இறகுத் தூண்டிலை வெட்டினேன்,
இன்னும் வெட்டினேன்,
கொக்கி வெட்கப்படும் அளவுக்கு.
நரம்பைப் பாதித் தடிப்புக்கு மாற்றினேன்.
"எஞ்சினை அணை," என்றேன்.
"காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகட்டும்."
அணைத்தான்.
பதினொரு நிமிடம் பேசாமல் இருந்தான்;
கல்யாண வாழ்க்கையில் அது நடந்ததில்லை.

அவை தாமாகவே வந்தன.
முதுகு முதுகாக, நீலமும் வெண்கலமும்.
எறிந்தேன். இழுக்கவில்லை.
குஞ்சு எங்கே ஓடும்? சும்மா மூழ்கும்.
மூழ்கவிட்டேன்.

நரம்பு நகர்ந்தது. பிறகு
சுருள் அலறியது.
நூற்றைம்பது மீட்டர் ஒரே மூச்சில்,
விரலில் ஒரு சூடு, இன்னும் தழும்பு இருக்கிறது.
அவன் எஞ்சினை மெல்லத் தொட்டு
மீன் போன வழியே படகைத் திருப்பினான்,
கேட்காமலே, சரியாக.
இருபது நிமிடம் வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
நீரடியில் வெள்ளி புரண்டது தெரிந்தது.

அப்போது கனம் கூடி,
அதிர்ந்து,
சட்டென்று பாரமே இல்லை.

தலைப்பக்கம் வந்தது.
முதுகுத் துடுப்புக்குப் பின்னால் ஒன்றுமில்லை.
சுறா எங்கும் காணோம்,
சிவப்பு மட்டும் அகலமாகப் பரவியது.

"குடும்ப நீதிமன்றம்கூட
இவ்வளவு நேராக வெட்டவில்லை," என்றான்.
இருவரும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே,
பிறகு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

மீனின் தொண்டையிலிருந்து
கண்ணாடிக் கூழ் தளத்தில் வழிந்தது,
நூற்றுக்கணக்கான கண்கள்.
அவன் குனிந்து ஒன்றை ஈர விரலில் ஒட்டி எடுத்தான்.
தன் ஜப்பான் பொம்மையின் பக்கத்தில் வைத்தான்.
வெகுநேரம் பார்த்தான்.

வடக்கே ஆலாக்கள் மறுபடி விழத் தொடங்கின.
அவன் கை விசைக்குப் போகவில்லை.

"அந்தக் கத்தரிக்கோலைக் கொடு," என்றான்.